படுத்த தொட்டியும் பொய் சொன்ன குச்சியும்

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. அளக்காமல் போட்டவன் கெட்டான் என்பது நமக்கெல்லாம் தெரியும். தப்பான கோலால் அளந்தவனும் கெடுவான் என்பதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். அதில் எங்களுக்கு நேர்ந்த நஷ்டம் எண்ணெயில் அல்ல, ஒரு நல்ல வேலையாளை இழந்ததில். பிற வியாபாரிகளுக்கு அப்படி நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

திருவண்ணாமலையில் எண்ணெய் வியாபாரம் எப்படி என்பதை உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றுப்பட்டு மாவட்டமெங்கும் மணிலா விளைகிறது. மாதம் தவறாமல் பௌர்ணமிக்கு 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம். கார்த்திகை வந்துவிட்டால் கொடியேற்றம் முதல் மகாதீபம் வரை பத்து நாளும் ஓட்டல், அன்னதானக் கூடம், பலகாரக் கடை என்று எல்லா இடத்திலும் அடுப்பு எரியும். அந்தப் பத்து நாள் வியாபாரம் ஒரு மாத வியாபாரத்துக்குச் சமம்.

அதற்காகவே எங்கள் மண்டியின் பின்கட்டில் ஓர் இரும்புத் தொட்டி போட்டிருந்தோம். உருளை வடிவம், படுக்கை வசம். உள் விட்டம் 120 செ.மீ., நீளம் 265 செ.மீ. நிறைய ஊற்றினால் 3,000 லிட்டர், அதாவது 15 லிட்டர் டின்னில் 200 டின். மேலே ஒரு வாய், கீழே ஒரு குழாய். வாய் வழியாக மரக்குச்சியை விட்டு, எண்ணெய் நனைத்த உயரத்தைப் பார்த்து இருப்பு எழுதுவது வழக்கம். குச்சியில் 120 செ.மீ.க்கு 3,000 லிட்டர் என்று எடுத்து, செ.மீ.க்கு 25 லிட்டர் வீதம் சமமாகக் கோடு போட்டிருந்தோம். எங்கள் தகப்பனார் போட்ட கோடு. அதில் சந்தேகப்பட யாருக்கும் தோன்றவில்லை.

1994-ம் ஆண்டு தீபத்துக்கு முன்பு தொட்டியை நிரப்பினோம். திருவிழாவின் நாலாம் நாள் இரவு கடை கட்டியபின் குச்சி விட்டுப் பார்த்தால் எண்ணெய் 90 செ.மீ.யில் நிற்கிறது. 30 செ.மீ. இறங்கியிருக்கிறது. குச்சிக் கணக்குப்படி கால் தொட்டி, 750 லிட்டர், 50 டின் போயிருக்க வேண்டும். ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினால் 39 டின்னுக்குத்தான் ரசீது இருக்கிறது. 11 டின்னைக் காணோம்.

மறுபடியும் கூட்டினோம், மறுபடியும் குச்சி விட்டோம். அதே 11 டின். குழாயண்டை நின்று அளந்து கொடுத்தவர் ஒரே ஆள். ஒன்பது வருஷமாக எங்களிடம் இருந்தவர். ஒரு பைசா தப்பு அதுவரை கிடையாது. கூப்பிட்டுக் கேட்டோம். "மொதலாளி, நான் எடுக்கலீங்க" என்று ஒரே பேச்சுதான். கூட்டத்தில் யாருக்காவது ரசீதில்லாமல் ஊற்றிக் கொடுத்தாயா என்று கேட்டோம். அதற்கும் இல்லை என்றார். சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்வதாக அப்பா சொன்னார். அந்த மாதம் முதல் தவணை பிடித்தோம். அடுத்த மாதம் அவர் வேலைக்கு வரவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. மகாதீபத்துக்கு மறுநாள் குச்சி விட்டபோது எண்ணெய் சரியாக 60 செ.மீ.யில் நின்றது. அரைத் தொட்டி. ரசீதைக் கூட்டினால் ஆரம்பத்திலிருந்து 100 டின். கணக்கு இம்மி பிசகாமல் நின்றது! ஆளைக் கேட்டு மிரட்டியதும் கணக்கு சரியாகிவிட்டது பார் என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். அப்படியானால் காணாமல் போன அந்த 11 டின் எந்த வழியாகத் திரும்பி வந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இது நம் தொழிலில் உள்ள பெரிய குறை. இருப்பு குறைந்தால் ஆளைப் பார்க்கிறோம். மிகுந்தால் வாயை மூடிக்கொள்கிறோம்.

அடுத்த வருஷம் தீபத்துக்கு எங்கள் தம்பியே குழாயண்டை நின்றார். மீண்டும் நிறைந்த தொட்டி. 90 செ.மீ.க்கு இறங்கியபோது பார்த்தால் மீண்டும் 39 டின்னுக்கு ரசீது, 11 டின் குறைவு. அப்பா தம்பி முகத்தைப் பார்த்தார், தம்பி எங்கள் முகத்தைப் பார்த்தார். வீட்டுப் பிள்ளை என்றதும் யாருக்கும் திருட்டு ஞாபகம் வரவில்லை. அன்றுதான் முதல் முறையாகக் குச்சி மேல் சந்தேகம் வந்தது.

எங்களிடம் மாதச் சாமான் வாங்கும் கணக்கு வாத்தியார் ஒருவர் அப்போது ஓய்வு பெற்றிருந்தார். அவரிடம் சொன்னோம். தொட்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சிட்டைக் காகிதத்தின் பின்புறம் ஒரு வட்டம் போட்டார். "ஐயா, தொட்டி நின்னுக்கிட்டிருந்தா உங்க குச்சி சரி. படுத்துக்கிட்டிருக்கே!" என்றார்.

விஷயம் அவ்வளவுதான். நிற்கும் டிரம்மில் எந்த உயரத்திலும் ஒரே அகலம். ஆகவே ஒவ்வொரு செ.மீ.யிலும் ஒரே அளவு எண்ணெய். படுத்த தொட்டியில் அடியில் குறுகல், நடுவில் அகலம், உச்சியில் மீண்டும் குறுகல். எங்கள் தொட்டியில் அடியிலுள்ள முதல் செ.மீ.யில் 4 லிட்டர்கூட இல்லை. நடுவில் ஒரு செ.மீ.க்குக் கிட்டத்தட்ட 32 லிட்டர். எங்கள் குச்சியோ எல்லா இடத்துக்கும் 25 லிட்டர் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. நிறைந்த தொட்டி, அரைத் தொட்டி, காலித் தொட்டி ஆகிய மூன்று நிலைகளில்தான் அந்தக் குச்சி உண்மை பேசும். மற்ற நிலைகளில் எல்லாம் பொய்.

வாத்தியார் போட்ட கணக்கை அப்படியே தருகிறோம். பள்ளிக்கூடப் படிப்பு போதும்.

தொட்டியில் 30 செ.மீ. எண்ணெய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொட்டியின் முகப்பு வட்டத்துக்கு ஆரம் 60 செ.மீ. வட்டத்தின் பரப்பு, பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்கினால் வரும். நம் கணக்கதிகாரம் சொல்லும் வழியும் இதுவே. இங்கே 11,310 சதுர செ.மீ. வருகிறது. இப்போது வட்டத்தின் மையத்திலிருந்து எண்ணெய் மட்டத்தின் இரு முனைகளுக்கும் கோடு போடுங்கள். இந்த ஆழத்துக்கு அவ்விரு கோடுகளுக்கும் இடையே 120 டிகிரி. முழு வட்டம் 360 டிகிரி. ஆகவே தோசையில் மூன்றில் ஒரு துண்டு, 3,770 சதுர செ.மீ.

ஆனால் அந்தத் துண்டில் எண்ணெய்க்கு மேலே உள்ள முக்கோணமும் சேர்ந்திருக்கிறது. அதைக் கழிக்க வேண்டும். முக்கோணத்தின் உயரம் 30. அதன் அடி, அதாவது எண்ணெய் மட்டத்தின் அகலம், 103.9 செ.மீ. பரப்பு 1,559. கழித்தால் மீதி 2,211 சதுர செ.மீ. இதை நீளம் 265-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 586 லிட்டர். டின் கணக்கில் 39.

கால் உயரம் என்றால் 50 டின் அல்ல, 39 டின். அடிக் கால் பாகத்தில் 39, அடுத்ததில் 61, அதற்கடுத்ததில் 61, உச்சிக் கால் பாகத்தில் 39. கூட்டினால் 200. நிறைந்த தொட்டியிலிருந்து முதல் 30 செ.மீ. இறங்கியபோது போனது 39 டின்தான். ரசீதும் அதைத்தான் சொன்னது. அடுத்த 30 செ.மீ.யில் 61 போனதால் அரைத் தொட்டியில் கணக்கு நேரானது. திருடனும் இல்லை, திருட்டும் இல்லை. அந்தச் சிட்டைக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு அப்பா வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் வந்ததல்ல. கிரகங்கள் சூரியனைச் சுற்றும் விதியைக் கண்டுபிடித்த ஜெர்மானிய அறிஞர் கெப்ளர் 1613-ம் ஆண்டு ஆஸ்திரியாவில் மறுமணம் செய்துகொண்டார். வீட்டுக்கு வாங்கிய திராட்சை மதுப் பீப்பாய்களை அளக்க வந்த வியாபாரி, பீப்பாய் வாயில் ஒரு கோலைக் குறுக்காக விட்டு, அது அடிமூலையைத் தொட்ட நீளத்தைப் பார்த்து விலை சொல்லிவிட்டார். பீப்பாய் குட்டையா நெட்டையா என்று பார்க்கவே இல்லை. இது எப்படிச் சரியாகும் என்று கெப்ளருக்குத் தூக்கம் போயிற்று. அந்த ஆராய்ச்சியை 1615-ல் ஒரு புத்தகமாகவே வெளியிட்டார். ஆஸ்திரியப் பீப்பாய்களின் வடிவத்துக்கு அந்தக் கோல் பெரும்பாலும் சரியாகவே வருகிறது, வேறு வடிவப் பீப்பாய்க்கு வராது என்று கண்டார். கொள்ளளவு பற்றிய பிற்காலக் கணிதத்துக்கு வழிகாட்டிய நூல்களில் அது ஒன்று. ஒரு வியாபாரியின் குச்சியிலிருந்து பிறந்த நூல்!

நம் நாட்டிலும் குறைவில்லை. வட்டச் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் 3.1416 வரும் என்பதை ஆரியபட்டர் கி.பி. 499-லேயே எழுதிவைத்தார். வட்டத்தை வெட்டும் கோட்டின் பாதி நீளத்தைக் கோணத்துக்குக் கோணம் அட்டவணையாகவும் கொடுத்தார். படுத்த தொட்டியின் கணக்குக்கு வேண்டிய சரக்கு இவ்வளவுதான்.

எல்லா ஆழத்துக்கும் 120 டிகிரி போல நேரான எண் வராது. ஆகவே வியாபாரிகள் கத்தரித்து ஒட்டிவைத்துக்கொள்ளும்படி ஓர் அட்டவணை தருகிறோம். முழுக் கொள்ளளவு 1,000 லிட்டர் என்று வைத்து, தொட்டியின் உயரத்தில் நூற்றுக்கு எத்தனை பாகம் எண்ணெய் நிற்கிறதோ அதற்கு எத்தனை லிட்டர் என்று பார்க்கவும்.

உயரத்தில் 5 சதம் – 19 லிட்டர்
10 சதம் – 52 லிட்டர்
15 சதம் – 94 லிட்டர்
20 சதம் – 142 லிட்டர்
25 சதம் – 196 லிட்டர்
30 சதம் – 252 லிட்டர்
35 சதம் – 312 லிட்டர்
40 சதம் – 374 லிட்டர்
45 சதம் – 436 லிட்டர்
50 சதம் – 500 லிட்டர்

பாதிக்கு மேல் இருந்தால், மேலே காலியாக உள்ள உயரத்தை இதே அட்டவணையில் பார்த்து 1,000-இல் கழித்துவிடவும். உதாரணமாக 80 சதம் நிறைந்திருந்தால் காலி 20 சதம். 1,000-இல் 142 போக 858 லிட்டர். உங்கள் தொட்டி 3,000 லிட்டரானால் மூன்றால் பெருக்கவும், 5,000 லிட்டரானால் ஐந்தால். 200 லிட்டர் பீப்பாயைப் படுக்க வைத்திருந்தாலும் இதே கணக்குதான். கால் உயரத்தில் 50 லிட்டர் இருக்காது, 39 லிட்டர்தான் இருக்கும்.

அட்டவணை சரியாக வர, கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, தொட்டியின் விட்டத்தை வெளியே அளந்தால் தகட்டின் கனம் சேர்ந்துவிடும். டேப்பால் சுற்றளவு எடுத்து 3.1416-ஆல் வகுத்து, தகட்டுக் கனத்தை இரு பக்கமும் கழிக்கவும். 4 மி.மீ. தகடு என்று அலட்சியம் செய்தால் எங்கள் தொட்டியில் 40 லிட்டர் கூடுதலாகக் காட்டும்.

இரண்டு, தொட்டி மட்டமாக இருக்க வேண்டும். எண்ணெய் நன்றாக வடிய வேண்டும் என்று குழாய்ப் பக்கம் சற்றுத் தாழ்த்தி வைப்பது நம் வழக்கம். அப்படியானால் ஒரு முனையில் அளந்த ஆழம் செல்லாது. நீளத்தின் நடுமத்தியில் வாய் வைத்து அங்கே அளக்கவும். குச்சியும் சாயாமல் நேராக இறங்க வேண்டும்.

மூன்று, இரு முனைகளும் தட்டையாக இல்லாமல் உப்பலாக இருந்தாலோ, முகப்பு வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் இருந்தாலோ இந்த அட்டவணை உதவாது. அதற்கு நம் பழைய முறையே மேல். காலித் தொட்டியில், முத்திரையிட்ட 20 லிட்டர் அளவையால் தண்ணீர் ஊற்றி, ஐந்து முறைக்கு ஒரு தடவை குச்சியில் கோடு போடுங்கள். ஒரு நாள் வேலை, ஆயுளுக்கும் உதவும். பிறகு தொட்டியை நன்றாகக் காயவைத்தே எண்ணெய் ஊற்ற வேண்டும்.

நான்கு, எண்ணெய் வெயிலில் பெருகும். 10 டிகிரி சூடு ஏறினால் நூறு லிட்டருக்கு ஏறத்தாழ முக்கால் லிட்டர். 3,000 லிட்டருக்கு இருபது லிட்டருக்கு மேல். தகரக் கூரையின் கீழ் சித்திரை மத்தியானத்தில் எடுத்த இருப்பும் விடியற்காலையில் எடுத்த இருப்பும் ஒத்துப்போகாது. தினமும் ஒரே நேரத்தில், கடை திறக்கும் முன்பு அளப்பது நல்லது. கொள்முதலை எடையில் வைத்துக்கொள்வது அதைவிட நல்லது. கடலை எண்ணெய் ஒரு லிட்டர் சுமார் 910 கிராம். எடை மேடைச் சீட்டில் 2,730 கிலோ என்றிருந்தால் தொட்டியில் 3,000 லிட்டர் ஏற வேண்டும்.

சட்டமும் இதைக் கவனிக்கிறது. 1976-ம் ஆண்டின் எடை அளவுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2009-ம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2011 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் விதிகளில் சேமிப்புத் தொட்டிக்கு 60 மாதத்துக்கு ஒரு முறையும், டேங்கர் லாரிக்கு 12 மாதத்துக்கு ஒரு முறையும் மறுமுத்திரை சொல்லப்பட்டிருக்கிறது. டேங்கர் லாரியில் சரக்கு இறக்கும்போது டிரைவரிடம் அளவுப் பட்டியலையும் முத்திரைச் சான்றையும் கேட்டுப் பாருங்கள். கோலின் எந்த உயரத்துக்கு எத்தனை லிட்டர் என்பது அந்த வண்டிக்கென்றே எழுதியிருக்கும். ஒரு வண்டிப் பட்டியல் மற்றொரு வண்டிக்குப் பொருந்தாது. கேட்பது நம் உரிமை. இதில் கூச்சம் வேண்டாம்.

பொட்டலத்தில் அடைக்காத சமையல் எண்ணெயை விற்பதற்கு 2011-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை விதித்து, விலக்கு அளிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குக் கொடுத்திருக்கின்றன. ஆகவே குழாயடியில் டின் பிடித்து விற்ற காலம் மலையேறிவிட்டது. எங்கள் தொட்டியையும் எடுத்துவிட்டோம். ஆனால் செக்கு வைத்திருப்போர், பாக்கெட் போடுவோர், ஜெனரேட்டருக்கு டீசல் தொட்டி வைத்திருப்போர் எல்லோரிடமும் படுத்த தொட்டி இருக்கத்தான் செய்கிறது. அங்கேயும் ஒரு குச்சி இருக்கும். அதன் அருகில் சம்பளத்துக்கு நிற்கும் ஓர் ஆளும் இருப்பார்.

எங்களிடம் இருந்தவரைத் தேடிக்கொண்டு அந்த வாரமே அப்பாவும் நாங்களும் போனோம். செங்கம் சாலையில் ஒரு பலசரக்குக் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். ஒரு வருஷமாக எண்ணெய்க் கடை எதிலும் அவரைச் சேர்க்கவில்லையாம். காரணம் சொல்ல வேண்டுமா? நாங்கள் சொன்ன சொல்தான் எங்களுக்கு முன்னால் ஊரெங்கும் போயிருந்தது. பிடித்த பணத்தை அப்பா கையில் கொடுத்து, "தப்பு எங்களோடது. திரும்பி வந்துடு" என்றார். பணத்தை எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். "கணக்கு சரியாப் போச்சுங்களா மொதலாளி? அது போதும்" என்றார். வேலைக்கு மட்டும் வரவில்லை. அதன்பின் நாங்கள் போய்ப் பார்த்த எண்ணெய்க் கடைகளில் எல்லாம் நடந்ததைச் சொன்னோம். கெட்ட சொல் ஓடிய வேகத்தில் நல்ல சொல் ஓடவில்லை.

ஆகவே வியாபாரிகளுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே. இருப்பு குறைந்தால் முதலில் கோலைச் சோதியுங்கள், பிறகு தொட்டியைச் சோதியுங்கள், பிறகு பேரேட்டைப் பாருங்கள். இவை மூன்றும் சரியென்று தெரிந்த பின்பே ஆளைக் கூப்பிடுங்கள். இருப்பு மிகுந்தாலும் அதே வரிசையில் சோதியுங்கள். இன்று மிகுந்தது நேற்றுக் குறைந்ததாக இருக்கலாம்.

அப்பா போட்ட அந்தப் பழைய குச்சியை நாங்கள் எறியவில்லை. கல்லாவுக்குப் பின்னால் சுவரில் சாத்தி வைத்திருக்கிறோம். புதிதாக வேலைக்குச் சேரும் பையன்கள் அது என்னவென்று கேட்பார்கள். கேட்டால் இந்தக் கதையைச் சொல்கிறோம்.